ஷியோமியின் செல்லப்பிள்ளை

பயிற்சி முடிந்து கிளம்பும்போது, வாசலில் வரிசையாகக் காத்திருக்கும் ரசிகர்களுக்கு மற்ற ஆட்டக்காரர்கள் கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பறந்துவிடுவார்கள். தொகாஷி ரியோஹெய் இறங்கியே விடுவார். மழை என்றால் தன் குடையை வரிசையில் நிற்பவரிடம் கொடுத்துவிட்டுத் தான் நனைவார். துண்டு, தொப்பி, மாவுக்கட்டுப் போட்ட கை, ஒருமுறை முழு முள்ளங்கி, எதை நீட்டினாலும் கையெழுத்து உண்டு. கூட வந்த நாயின் பெயரையும் கேட்டு எழுதித் தருவார்.

"காக்க வெச்சிட்டேன், மன்னிச்சிடுங்க. எனக்கென்ன, சும்மாதானே இருக்கேன்!"

என்ன தன்னடக்கம் என்று ஷியோமி ஊரே உருகும். அவர் சொன்னதோ நிலவரம். மூன்றாம் டிவிஷன் கால்பந்து அணியில் அவர் இரண்டாவது கோல்கீப்பர். பெஞ்சைத் தேய்ப்பதுதான் உத்தியோகம்.

ஆனாலும் அணியின் கடையில் முதலில் விற்றுத் தீர்வது அவர் பெயர் போட்ட துண்டு. 'வேகம் வேண்டாம்' என்ற போலீஸ் விளம்பரத்தில் கையை நீட்டி லாரிகளை நிறுத்துகிறார். டவுன் பஸ்ஸின் பக்கவாட்டில் படமாகப் பாய்ந்துகொண்டே ஊரைச் சுற்றுகிறார். அந்த ஊரில் அவர் தடுக்காதது பந்து ஒன்றைத்தான்.

அவருக்கு முப்பத்தைந்து வயது. இந்தப் பருவத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட வேண்டும், ஆட்டக்காரன் என்று பேர் வாங்கிவிட வேண்டும் என்று ஆசை. பயிற்சியாளர் முரோயிடம் கேட்டார்.

"உனக்கென்னப்பா குறைச்சல்? கோல் போடறவனுக்கே இவ்வளவு கைதட்டல் கிடையாது" என்றார் முரோய்.

போன ஞாயிறு ஆட்டத்தில் முதல் கீப்பருக்குக் கணுக்கால் பிசகியது. தொகாஷி எழுந்ததுமே மைதானம் எழுந்தது. முதல் பந்து அவர் கால்களுக்கு நடுவே உருண்டு வலைக்குள் போனது. பிறகு, "பரவால்ல தொகாஷி சான்! பரவால்ல!" என்று அரங்கமே கைதட்டியது. இரண்டாவது கோலுக்குக் கைதட்டல் கூடியது. மூன்றாவதற்கு எதிரணி ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். திட்டுவதற்குக்கூட லாயக்கில்லாதவன் ஆகிவிட்டோமே என்று நினைத்துக்கொண்டே அவர் வலையிலிருந்து பந்தை எடுத்தார்.

மறுநாள் வரிசை வழக்கத்தைவிட நீளம். ஆளுக்கொரு ஆறுதல், ஆரஞ்சுப் பழம், சோற்று உருண்டை. தொகாஷி சிரித்துச் சிரித்துக் கையெழுத்துப் போட்டார். மீன் சந்தையிலிருந்து ரப்பர் பூட்ஸோடு வந்த இசோயே அம்மாள் மட்டும் எதையும் நீட்டவில்லை.

"ஏன்யா, நீயெல்லாம் கோல்கீப்பரா? பஸ்ஸுக்கு வழி விடற மாதிரி பந்துக்கு வழி விடற! அந்த மூணாவது கோலு, காலை எடுத்து வெச்சிருந்தா எட்டியிருக்கும். மரம் மாதிரி நின்னியே!"

"ஐயோ, தொகாஷி சானைப் போயா!" என்று வரிசை பதறியது. யாரோ அம்மாளின் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"விடுங்க, அவங்க பேசட்டும்" என்றார் தொகாஷி. முகத்தில் சிரிப்பு இல்லை. "எந்தக் காலும்மா?"

"இடது கால்! அதுகூட நான் சொல்லணுமா?"

பேனாவை மூடிப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். கார்களுக்கு நடுவே முழங்காலை மடித்து, கைகளை விரித்து, இடது காலை எட்டி வைத்தார்.

"இவ்வளவு தூரமா?"