ஓட்டும்போது சொல்ல வேண்டிய மூன்று சொற்கள்

கோபம் எனக்கு எப்போதும் மூக்கின்மேல்தான். புனேயில் வேலை பார்த்த காலத்தில் கணினியில் நான் எழுதிவைத்த ஸ்கிரிப்டை யாராவது தொட்டால் போதும், அன்றைக்கு அவர்கள் பாடு திண்டாட்டம். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. ஊருக்கு வெளியே கராடிப் பக்கம் கண்ணாடிக் கட்டிடங்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. கணவர் மஸ்கட்டில். மகள் கோயம்புத்தூரில் அக்கா வீட்டில். ஆறே மாதத்தில் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன் என்று சொல்லி, ஒன்றரை வயதில் அவளை விட்டுவிட்டு வந்தேன். இரண்டு வருடம் ஓடிவிட்டது.

புனேக்குப் பக்கத்தில் தளேகாவில் இருந்த ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்கு நாங்கள் மென்பொருள் எழுதிக்கொடுத்தோம். அங்கே மூன்று பிரிவுகள். மாதத்தின் முதல் வேலைநாளில் பழைய கோப்புகளைத் தொகுத்து ஒதுக்கிவிட்டு, புது மாதத்துக்கான பட்டியலைத் திறந்துவைக்கும் ஸ்கிரிப்ட் என் கைவேலை. எந்த மாதம், எந்தப் பிரிவு, ஒத்திகையா நிஜமா என்ற மூன்றையும் அதன் வயிற்றுக்குள்ளேயே எழுதிவைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் உள்ளே போய் மூன்று வரிகளை மாற்றிவிட்டு ஓட்ட வேண்டும். எந்த வரிகள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். குறிப்பு எதுவும் எழுதவில்லை. வேண்டுமென்றேதான். மாதம் பிறந்தால் மேலாளரே என் மேசைக்கு வந்து நிற்பார், பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது.

மே மாதத்தில் ஒருநாள் அக்கா ஃபோன் செய்தாள்.

"ஜூன் ரெண்டாந்தேதி புள்ளைய எல்.கே.ஜி.ல கொண்டுபோயி விடோணும். அன்னிக்காச்சும் நீ இருக்கோணும் கண்ணு. அம்மா எப்ப வரும், எப்ப வரும்னு தெனமும் கேக்கறா."

"ஒண்ணாந்தேதி எனக்கு வேல இருக்குக்கா."

"உனக்கு என்னிக்குத்தான் வேல இல்ல?"

ஃபோனை வைத்துவிட்டாள். புனேயிலிருந்து கோயம்புத்தூருக்கு ரயிலில் ஒன்றேகால் நாள். ஒன்றாம் தேதி இங்கே வேலை பார்த்தால் இரண்டாம் தேதி காலை அங்கே நிற்க முடியாது. அன்று முழுக்க எனக்கு மகளின் உச்சந்தலை வாசனைதான் வந்துகொண்டிருந்தது. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் போல் கை பரபரத்தது. அவளுக்கு அப்போது மூன்றரை வயது, இடுப்பில் உட்காருகிற வயது தாண்டிக்கொண்டிருந்தது.

பக்கத்து இருக்கை மராத்திக்காரரிடம் சாப்பாட்டு வேளையில் புலம்பினேன். அவர் டப்பாவை மூடிக்கொண்டே இந்தியில் சொன்னார்:

"அந்த மூணையும் வெளியே எடுத்துடுங்களேன் மேடம். ஓட்டும்போது ஸ்கிரிப்ட் பேருக்குப் பக்கத்துல டைப் அடிச்சாப் போதும்னு வெச்சிட்டா, யாரு வேணும்னாலும் ஓட்டலாம்."

எனக்குத் தெரியாததையா சொல்லிவிட்டார்? "பாக்கலாம்" என்றேன் வெடுக்கென்று. ஆனால் அன்று சாயங்காலமே உட்கார்ந்துவிட்டேன். அரை நாள் வேலைகூட இல்லை. டீக்கடையில் கொதிப்பது ஒரே பாத்திரம். கட்டிங் என்று கேட்டால் பாதி டம்ளர், ஃபுல் என்றால் முழுசு, யாருக்காகவும் கடைக்காரர் அடுப்பை மாற்றுவதில்லை. இதுவும் அவ்வளவுதான். இனி ஸ்கிரிப்டின் பெயர், பக்கத்தில் மாதம், பிரிவு, மூன்றாவதாக நிஜம் என்பதற்கான சொல். மூன்றாவதை மறந்தால் ஒத்திகையோடு நின்றுவிடும், ஒரு கோப்பும் அசையாது. ஒன்றுமே கொடுக்காவிட்டால் எதை எந்த வரிசையில் கொடுக்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். பயந்து பயந்து எழுதினேன்.

மராத்திக்காரர் பத்து நிமிடத்தில் பழகிவிட்டார். இரண்டு வருடம் நான் அடைகாத்தது, பத்தே நிமிடம்! சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ வயிறெரிந்தது.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்கால வண்டிக்கு டிக்கெட் எடுத்தேன். மகளுக்குச் சிவப்பு ஷூ வாங்கினேன். கிளம்ப வேண்டிய நாள் காலை பெட்டியை மூடும்போது, மராத்திக்காரர் சொற்களின் வரிசையை மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ற நினைப்பு வந்தது. மாற்றிக் கொடுத்தால் ஓடாது, அதையும் நானே எழுதியிருந்தேன். இருந்தும் விடவில்லை. நான் இல்லாமலே அது ஓடிவிடுமே என்பதுதான் உள்ளே குடைந்தது. இதை இன்றைக்குச் சொல்ல முடிகிறது. அன்றைக்கு, பொறுப்பு என்று அதற்குப் பெயர் வைத்தேன். ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட்டை மறுநாளுக்கு மாற்றினேன். அக்காவிடம் சொன்னபோது அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

ஒன்றாம் தேதி காலை மராத்திக்காரரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். ஒரு பிரிவுக்கு ஒரு தடவை, ஆக மூன்று தடவை அடித்தார். மொத்தம் நான்கு நிமிடம். ஒரு பிசகு இல்லை. வாயைத் திறக்க எனக்கு வேலையே வரவில்லை. அவர் திரும்பிப் பார்த்து, "நீங்க ஊருக்குக் கிளம்பலையா மேடம்? குழந்தைக்கு ஸ்கூல்னு சொன்னீங்களே" என்றார். தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல் அங்கிருந்து நகர்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் வண்டி ஏறினேன். மறுநாள் காலை பத்து மணி வாக்கில், பாதி வழியில், குண்டக்கல்லில் வண்டி நின்றது. பிளாட்பாரத்து ஃபோன் பூத்துக்கு ஓடி அக்காவைக் கூப்பிட்டேன்.

"இப்பத்தான் விட்டுட்டு வந்தேன்" என்றாள். "அழுவவே இல்ல. உள்ள போறப்ப டீச்சரு, அம்மாவுக்கு டாட்டா சொல்லுன்னாங்க."

"சொன்னாளா?"

"சொன்னா கண்ணு. என்னையப் பாத்துச் சொன்னா."