ஐஸுக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

அந்த டிசம்பரில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துபாய் அல்கூஸில், உறைந்த மீனும் கோழியும் அடுக்கி வைக்கும் கோல்டு ஸ்டோர் ஒன்றில் எனக்கு சூப்பர்வைசர் வேலை. மைனஸ் இருபத்திரண்டு டிகிரியில் முக்கால் மணி நேரம் நிற்பேன். வெளியே வந்து டீ குடித்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு மறுபடி உள்ளே போவேன். பதினோரு வருடமாக இதேதான். முந்தைய குளிர்காலத்தில் ஜார்ஜியாவுக்குச் சுற்றுலா போயிருந்தபோது, கஸ்பெகி பக்கம் உறைந்துபோன அருவி ஒன்றில் நாலைந்து பேர் கோடரியைக் குத்திக் குத்தி மேலே ஏறுவதைப் பார்த்தேன். வேன் பதினைந்து நிமிடம்தான் நின்றது. மற்றவர்கள் படம் எடுத்துவிட்டு ஏறிக்கொண்டார்கள். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்த பிறகுதான் நான் நகர்ந்தேன்.

அதற்கப்புறம் வருடம் முழுக்க அந்த அருவிதான் மனதில். வரும் ஜனவரியில் நடக்கும் இரண்டு நாள் பயிற்சிக்கு அங்கே ஒரு கைடிடம் பெயர் கொடுத்தேன். கோடரி, கயிறு, ஹெல்மெட், பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்களான கிராம்பான், எல்லாம் அவரே தருவார். பூட்ஸும் வாடகைக்கு உண்டு. ஆனால் என் கால் அளவை அனுப்பியதும், இவ்வளவு அகலமான பாதத்துக்குத் தன்னிடம் இல்லை, வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று பதில் வந்தது.

திண்டுக்கல்லில் இருக்கும் மனைவியிடம் ஃபோனில் சொன்னேன்.

“தெனம் எட்டு மணி நேரம் ஐஸுக்குள்ளதான கெடக்குறீங்க. லீவுலயும் அதையே தேடிப் போறேங்கிறீங்களே?”

அவள் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். பூட்ஸ் வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

டீ பிரேக் எல்லாம் பூட்ஸைப் பற்றி நெட்டில் படிப்பதிலேயே போனது. சாதாரண மலையேற்றக் காலணி ஐஸுக்கு ஆகாது. அடிப்பாகம் பலகை மாதிரி வளையாமல் இருக்க வேண்டும். வளைந்தால் கிராம்பான் கழன்றுவிடும். முன்னாலும் பின்னாலும் அதைக் கவ்விப் பிடிக்கப் பள்ளம் இருக்க வேண்டும். குதிகால் உள்ளே தூக்கக்கூடாது. இதையெல்லாம் ஒருவர் சொல்ல, இன்னொருவர் மறுத்து எழுதியிருப்பார். நான் ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன், மறுநாள் மாற்றுவேன். ரூமில் தாளை விரித்து மூன்று முறை பாதத்தை வரைந்தேன். மூன்றும் மூன்று அளவு காட்டின.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கடை திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். மலையேறும் சாமான் விற்கும் கடை துபாயில் இருப்பதே எனக்கு ஆச்சரியம்தான். விற்பனைப் பெண் பிலிப்பைன்ஸ்காரர். இரண்டு ஜோடி எடுத்து வைத்தார். ஒன்று ஆரஞ்சு நிறம், எடை குறைவு, பார்க்க அவ்வளவு அழகு. மற்றது சாம்பல் நிறத்தில் பெரிதாக, உள்ளே தனியாகக் கழற்றி எடுக்கக்கூடிய இன்னொரு பூட்ஸோடு இருந்தது. அகலப் பாதத்துக்கு அதுதான் சரி, சாயங்காலம் வந்து போட்டுப் பாருங்கள், நாள் முழுக்க நின்றால் கால் வீங்கியிருக்கும் என்றார். சாயங்காலம்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஆரஞ்சு பூட்ஸ் காலைக் கச்சிதமாகப் பிடித்தது. கச்சிதம்தானே நல்லது என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாளே அதை டூட்டிக்குக் கொண்டுபோனேன். பிரேக்கில் போட்டுக்கொண்டு ஃப்ரீசருக்குள் போய், மீன் பெட்டிகளுக்கு நடுவே மேலும் கீழும் நடந்தேன். இருபது நிமிடத்தில் விரல் நுனி மரத்துவிட்டது. புதிது, பழகினால் சரியாகும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் நேபாளி வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். என் வயதுதான் அவருக்கு. நாலு வருடமாகக் கூடவே வேலை பார்க்கிறார். தொழிலாளர் கேம்ப்பில் தமிழ் ஆட்களோடு ஒரே ரூமில் இருந்து தமிழும் பேசக் கற்றிருந்தார். பூட்ஸைப் பார்த்ததும் எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. அங்கே கிடந்த மரப் பலகையைக் காட்டி, அதை பூட்ஸ் நுனியால் உதைக்கச் சொன்னார். உதைத்தேன். பெருவிரல் முன்னால் இடித்து உயிர் போனது. ஐஸில் ஏறும்போது இப்படி நூறு உதை உதைக்க வேண்டும், தெரியுமா என்று கேட்டார்.

வெளியே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து தன் வலது காலின் சாக்ஸைக் கழற்றினார். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் இல்லை. அந்த இடம் வழவழப்பாக மூடியிருந்தது. ஊரில் மலையேற வருகிறவர்களுக்குச் சுமை தூக்கியவராம். அண்ணனின் பூட்ஸ் ஒரு சைஸ் சின்னது. அதைப் போட்டுக்கொண்டே மூன்று நாள் மேலே இருந்திருக்கிறார்.

“பாய், விரலைக் குளிர் எடுக்கலே. டைட்டுதான் எடுத்துச்சு. ரத்தம் போகலே” என்றார்.

நாலு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதரைப் பற்றி எனக்கு இது தெரியாமல் இருந்தது. அருவியைப் பற்றி அவரிடம் நான் எத்தனை முறை பேசியிருப்பேன்! ஒரு தடவைகூட, நீங்கள் மலை ஏறியிருக்கிறீர்களா என்று கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அவர் சாக்ஸை மாட்டிக்கொண்டு, யல்லா, போகலாம், வண்டி காத்திருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, டூட்டி முடிந்த கையோடு வீங்கிய காலுடன் கடைக்குப் போனேன். வெளியில் போட்டு நடக்காத காலணியை மட்டுமே மாற்றித் தருவோம் என்று பில்லில் இருந்தது. அந்தப் பெண் பூட்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு முகர்ந்தார்.

மீன் வாடை வருகிறதே என்றார். கட்டடத்துக்குள்தான் போட்டேன், ஆனால் அது ஃப்ரீசர் என்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே மேனேஜரிடம் போனார். மேனேஜர் வந்து அடிப்பாகத்தைப் பார்த்தார், உள்ளே எத்தனை டிகிரி என்று கேட்டார், விரல் எப்போது மரத்தது என்று கேட்டார். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

சாம்பல் பூட்ஸைத் தடித்த சாக்ஸோடு போட்டேன். கடையில் இருந்த சரிவுப் பலகையில் கீழ்நோக்கி நின்றேன், சுவரை உதைத்தேன். விரல் இடிக்கவில்லை, குதிகாலும் தூக்கவில்லை. ஆனாலும் திருப்தி வரவில்லை. கழற்றினேன், மாட்டினேன், வேறு சைஸ் கேட்டேன், திரும்பவும் முதலில் போட்டதையே கேட்டேன். கடை மூடும்வரை அந்தப் பெண் பொறுமையாக முன்னால் மண்டியிட்டு நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் அருவிக்கு அடியில் நின்றபோது அது வேனிலிருந்து பார்த்ததைவிட மிக உயரமாக இருந்தது. முதல் நாள் பத்தடிகூட ஏறவில்லை. கெண்டைக்கால் தையல் மெஷின் மாதிரி ஆடத் தொடங்கியது, இறக்குங்கள் என்று கத்திவிட்டேன். சாம்பல் பூட்ஸுக்குள் விரல்களை அசைத்துப் பார்த்தேன். பத்தும் அசைந்தன, கதகதப்பாகவே இருந்தன. காலைப் பற்றிய பயம் போனதும், மற்ற பயங்களைக் கவனிக்க இடம் கிடைத்தது.

இரண்டாம் நாள் மதியம் மூன்றாவது முயற்சியில் மேல் விளிம்பைத் தொட்டேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. பனி மூடிய ஒரு மேடு, நாலைந்து காய்ந்த புதர். மூச்சு வாங்கிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு தொங்கினேன். கீழே வந்ததும் கைடு என் கையைக் குலுக்கிவிட்டுக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம்தான் என்றார்.

இன்னொரு தடவை ஏறலாமா என்று கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுருட்டிய கயிற்றை மறுபடி பிரித்துப் போட்டார்.