மாங்கனீஸ் கறை

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் பாதி எனக்கு ஐந்தாம் வகுப்பிலேயே மனப்பாடம். அரூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் அக்கா புத்தகத்தை என் மடியில் போட்டுவிட்டு ஒப்பிக்க ஆரம்பிப்பாள். ஒரு வரி விட்டால் தலையில் குட்டும் உரிமை எனக்கு உண்டு. அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன்.

அவளுக்குப் பிடித்தது மாங்கனீஸ். வெளிக்கூட்டில் இரண்டு எலக்ட்ரான். உள்ளே d கூட்டின் ஐந்து அறைகளில் அறைக்கு ஒன்றாக ஐந்து. இரண்டு கூட்டுக்கும் ஆற்றலில் பெரிய வித்தியாசமில்லை. அதனால் சில சமயம் இரண்டைக் கொடுக்கும், சில சமயம் நாலு, சில சமயம் ஏழையும். இடைநிலை உலோகங்களுக்கே உள்ள குணம் இது. ஏழும் போனால் கத்திரிப்பூ நிறம், நாலு போனால் பழுப்பு. இரண்டு மட்டும் போய், ஐந்து அறையிலும் ஒவ்வொன்று இருந்துவிட்டால் ஏறக்குறைய நிறமே இல்லை. கையில் படிந்த பழுப்புக் கறைக்கு எலுமிச்சைச் சாறு இரண்டு எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்கும், கறை போய்விடும்.

அக்காவுக்குச் சேலத்தில் பி.எஸ்ஸி. சேர ஆசை. அப்பாவோ மொரப்பூரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். “கல்யாணத்துக்குப் பொறவு அவுங்க வூட்ல படிக்க வெச்சா படிக்கட்டும்” என்று பேச்சை முடித்தும்விட்டார்.

பெண் பார்க்க வரும் நாள் காலையில், அக்கா மணிக்கட்டு வரை பழுப்புத் திட்டுகளோடு வந்து நின்றாள். கிணற்றில் போட வைத்திருந்த பெர்மாங்கனேட்டைக் கரைத்தாளாம். அம்மா சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

“தோல் வியாதின்னு நெனைச்சிக்குவாங்களே! இன்னிக்கி வேணாம்னு சொல்லிட்டு வந்துருங்க” என்றாள் அம்மா. அப்பா முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளை எடுத்தார்.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு எப்போது வாய்க்கும்? “இருங்கப்பா, இது மாங்கனீஸ்தான்!” என்று கத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடி எலுமிச்சம்பழத்தை அறுத்து வந்தேன். அக்கா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். விட்டேனா? தேய்க்கத் தேய்க்கக் கறை காணாமல் போனது. அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து என்னைத் தூக்கிக்கொண்டார்.

அக்கா தன் கைகளையே பார்த்தபடி, “எல்லாம் நல்லா படிச்சிக்கிட்ட பாப்பா” என்றாள்.

சாயங்காலம் அந்தக் கைகளால்தான் காபி கொடுத்தாள். வைகாசியில் கல்யாணம். மொரப்பூரில் அவளை யாரும் படிக்க வைக்கவில்லை. வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத வீட்டில், தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அதை நான் துடைத்துவிட்டேன்.

அன்று அக்கா சொன்னதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.