பட்டன் பரீட்சை

என் வீட்டுக்காரர் தன் கண்ணையும் ஒரு பரீட்சையாகத்தான் நினைத்தார். கேட்டால் சிரிப்பு வரும். முதல் வருடம் எனக்கும் வந்தது.

அவர் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு மாடியில் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தார். நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகளின் படம் போட்ட ஃப்ளெக்ஸ் தெருமுனையில் தொங்கும். "கொஸ்டின் பேப்பரைப் பார்த்து பயப்படாதே, அதைப் போட்டவனும் மனுஷன்தான். அவன் எப்படிப் போடுவான்னு புடி, அது போதும்" என்பதுதான் அவருடைய வேதம். பழைய கேள்வித்தாள்களை அலசி, இந்த வருடம் எது வரும் என்று குறித்துக் கொடுப்பார். அதில் பாதி வந்துவிடும். அந்தப் பாதிக்காகவே பிள்ளைகள் முடிச்சூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தார்கள்.

கண்ணாடி மாற்றப் போன இடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பை மெல்ல மெல்ல அரித்துக்கொண்டு போகிறது, இதற்குப் பெயர் க்ளாக்கோமா என்று டாக்டர் அம்மா சொன்னார். வலிக்காது, சிவக்காது. முதலில் ஓரப் பார்வை போகும், கடைசியில்தான் நடுப் பார்வை. "போனது போனதுதான் சார், எந்த ஆபரேஷனாலயும் திரும்ப வராது. மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாம். சொட்டு மருந்தை ஒரு நாள்கூட விட்டுடாதீங்க" என்றார்.

இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுல பாஸ் மார்க் எவ்வளவு மேடம்?" என்றார். டாக்டர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். நான் அவரோடு குடித்தனம் நடத்துகிறவள், எனக்கு அது தமாஷாகப் படவில்லை.

ஓரப் பார்வையைச் சோதிக்க ஒரு இயந்திரம் இருக்கிறது. இருட்டறையில் பெரிய வெள்ளைக் கிண்ணம் ஒன்றுக்குள் முகத்தைக் கொடுத்து உட்கார வேண்டும். ஒரு கண்ணை மூடிவிடுவார்கள். மற்ற கண் நடுவில் இருக்கும் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வந்து போகும். சிலது பளிச்சென்று, சிலது இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி. தெரிந்தால் கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். தெரியாவிட்டால் சும்மா இருக்க வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் முறை வேர்த்து வழிய வெளியே வந்தார். மதிப்பெண் குறைந்துவிட்டது என்று சாயங்காலம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை வெளியே வரும்போது மாப்பிள்ளை மாதிரி வந்தார். திரும்பும் வழியில் ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் பொங்கல் சாப்பிட்டபடியே ரகசியத்தைச் சொன்னார். வெளிச்சம் ஏறக்குறைய ஒரே இடைவெளியில்தான் வருகிறதாம். மனதுக்குள் தாளம் போட்டுக்கொண்டே இருந்து, தெரியாவிட்டாலும் அந்த நேரத்துக்கு அழுத்திவிட்டாராம்.

"ஏங்க, தெரியாததைத் தெரிஞ்சதுன்னு அழுத்தினா யாரை ஏமாத்தறீங்க?"

"ஏமாத்தறதுன்னு எதுக்குச் சொல்றே? கொஞ்சம் லேட்டா தெரிஞ்சிருக்கும், நான் முன்னாடியே அழுத்திட்டேன். அவ்வளவுதான்."

நான் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவள். பொய்ச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களை அன்றாடம் திட்டி அனுப்பிய வாய் இது. என் கோபம் அந்த ஓட்டலிலேயே கொதித்துவிட்டது. அடுத்த முறை போனபோது, இயந்திரத்தை இயக்கும் பெண்ணிடம் அவர் முன்னாலேயே போட்டுக் கொடுத்தேன். அந்தப் பெண் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும் மேடம். வெளிச்சமே வராதப்பகூட சார் அழுத்தறாங்க. மெஷினே அதைக் காட்டிக் கொடுத்துடும். இந்த ரிசல்ட்டை நம்ப முடியாதுன்னு டாக்டரும் எழுதியிருக்காங்க" என்றாள். மறுபடி செய்யச் சொன்னாள்.

வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளின் மேஜைக்கு அடியில் பிட்டு தேடிய மனிதரைப் பார்த்து, நீ காப்பி அடித்தாய் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. எழுந்து வந்துவிட்டார். அந்த ஆஸ்பத்திரிப் படியை அதற்குப் பிறகு மிதிக்கவில்லை. பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் பல்லாவரத்தில் ஒரு இடம், குரோம்பேட்டையில் ஒரு இடம் என்று மாற்றிக்கொண்டே இருந்தார். புது இடத்தில் பழைய கதை தெரியாது அல்லவா.

சொட்டு மருந்திலும் அதே கதைதான். டாக்டரைப் பார்க்கப் போகும் வாரத்தில் மட்டும் காலையும் மாலையும் ஒழுங்காக ஊற்றிக்கொள்வார். அழுத்தம் அளந்தால் சரியாக இருக்கும். "பார்த்தியா, நார்மல்" என்று வந்து சொல்வார். மற்ற வாரங்களில் பாட்டில் ஃபிரிட்ஜில் புளிக் கரைசலுக்குப் பின்னால் கிடக்கும். நான் கையில் எடுத்துக்கொண்டு துரத்தினால், எரிகிறது என்பார், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்பார், போட்டாச்சு என்பார். குழந்தைக்கு மருந்து கொடுப்பதுகூட இவ்வளவு கஷ்டமில்லை. குழந்தையை மடியில் இடுக்கி மூக்கைப் பிடிக்கலாம்.

இதற்கிடையில் மாடியில் ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பையனின் அம்மாதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட்டில் சாருக்கு இடது பக்கம் உட்கார இடம் பிடிக்கப் பிள்ளைகளுக்குள் அடிதடியாம். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் நோட்டைத் திறந்து வைத்தே எழுதலாமாம், சார் கண்டுகொள்ள மாட்டாராம். நான் அவரிடம் சொன்னேன். "புள்ளைங்க என் மேல இருக்கற மரியாதையில காப்பி அடிக்கறதில்லை" என்றார்.

எங்கள் மகள் நாவலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள்தான் பிடிவாதமாக அந்தப் பக்கம் புதிதாக வந்த ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு எங்களை அழைத்துக்கொண்டு போனாள். அங்கே பட்டன் எதையும் கையில் கொடுக்கவில்லை. ஒரு கருவிக்கு முன்னால் இவர் தாடையை வைத்தார். கண் சிமிட்டும் நேரத்தில் நரம்பின் கனத்தை அளந்து திரையில் வண்ண வண்ணமாகப் போட்டுவிட்டது. பச்சை இருந்தால் நல்லது. இவருக்குப் பச்சை கொஞ்சமாகவும் சிவப்பு நிறையவும் இருந்தது. எங்கெங்கோ எடுத்த பழைய ஸ்கேன்களையும் மகள் தேடி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள். அது வரிசையாகப் புள்ளி வைத்து, இப்படியே விட்டால் இனி எப்படிப் போகும் என்று ஒரு கோட்டை நீட்டிக் காட்டியது. கோடு கீழே போனது.

இளம் வயது டாக்டர், பொறுமைசாலி. "சார், மத்த இடங்கள்ல பட்டன் அழுத்தின ஃபீல்ட் டெஸ்ட்ல நல்லா இருக்குன்னு காட்டறீங்க. நரம்பு அப்படிச் சொல்லலை. ரெண்டுல ஒண்ணுதான் நிஜமா இருக்க முடியும்" என்றார். சொட்டு மருந்து போடச் சிரமமாக இருந்தால் லேசர் செய்யலாம், உட்கார்ந்த இடத்திலேயே முடிந்துவிடும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். அரிசியைவிடச் சின்னதாக ஒரு மருந்துத் துணுக்கைக் கண்ணுக்குள்ளேயே வைத்துவிடுகிற வைத்தியம்கூட வெளிநாட்டில் வந்துவிட்டதாம். மாதக்கணக்கில் அதுவே கசிந்துகொண்டிருக்குமாம். எனக்கு அந்த டாக்டரின் காலில் விழலாம் போல இருந்தது. இவரோ நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நாலு புள்ளியை வெச்சு அஞ்சாவது புள்ளி எங்க வரும்னு சொல்றது நான் முப்பது வருஷமா பண்ற தொழில் டாக்டர். பாதிதான் பலிக்கும்."

மகள் காரில் அழுதுகொண்டே வந்தாள். நான் அழவில்லை, திட்டிக்கொண்டே வந்தேன். மேடவாக்கம் தாண்டும் வரை திட்டினேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பள்ளிக்கரணை சதுப்பில் நாரைகள் நிற்கின்றன பார் என்றார். அவ்வளவு தூரத்தில் இருந்ததெல்லாம் அவருக்குத் தெரிந்தது. அதுதான் எங்கள் எல்லாரையும் கெடுத்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் நாங்கள் இருவரும் பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நின்றோம். மதுராந்தகத்தில் அவருடைய தம்பி வீட்டுக்குப் போக வேண்டும். ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க ஊருக்குப் போகும் கூட்டம், மூட்டை, கரும்புக் கட்டு. ஒரு பஸ் தள்ளி நின்றது. "வா, வா" என்று இவர் இறங்கி நடந்தார். இடது பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. இவர் நேராக அதற்கு முன்னால் போனார். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

ஆட்டோ பிரேக் போட்டும் கண்ணாடிக் கம்பி அவர் முழங்கையில் இடித்துக் கீழே தள்ளிவிட்டது. டிரைவர் குதித்து இறங்கினான்.

"இன்னா சாரே! இம்மாம் பெரிய வண்டி ஹாரன் அடிச்சிகினே வந்துகினு கீது, நீ பாட்டுக்கு பூந்துகினு போறே? பண்டிகை நேரத்துல எனக்கு பேஜாரு பண்ணாத சார்!"

இவர் தரையில் உட்கார்ந்தபடியே அவனை நிமிர்ந்து பார்த்தார். "வண்டி எந்தப் பக்கம் இருந்துப்பா வந்துச்சு?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

டிரைவருடைய கோபம் அப்படியே இறங்கிவிட்டது. அவரைத் தூக்கி நிறுத்தி, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டான். என்னிடம் வந்து, "அக்கா, சாரை நல்ல கண்ணு டாக்டராண்ட இட்டுகினு போ" என்று மெல்லச் சொன்னான்.

அன்றைக்கு ஊருக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து முழங்கைக்கு மருந்து போடும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சத்தியமா சொல்றேன், அங்க வண்டியே இல்லை. ரோடு காலியா இருந்துச்சு." நான் நம்பினேன். அந்த இளம் டாக்டர் பிறகு எனக்கு விளக்கினார். பார்வை போன இடம் கறுப்பாகத் தெரியாதாம். கறுப்பாகத் தெரிந்தால் மனிதன் பயந்து ஓடிவந்திருப்பான். அக்கம்பக்கத்தில் இருப்பதை வைத்து மூளையே அந்த இடத்தை இட்டு நிரப்பிவிடுகிறதாம். தெரியாத கேள்விக்குப் பதில் எழுதுவது இவர் மட்டும் செய்த காரியம் இல்லை.

அதற்குப் பிறகு சொட்டு மருந்தைக் கடிகாரம் பார்த்துப் போட்டுக்கொண்டார். லேசரும் செய்தார்கள். டியூஷனை நிறுத்தினார், ஃப்ளெக்ஸை அவரே கழற்றச் சொன்னார். ஆனால் காலம் கடந்திருந்தது. இடது கண்ணை டாக்டர்கள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. வலது கண்ணில், கதவிடுக்கு வழியாகப் பார்ப்பது போல நேரே கொஞ்சம் தெரிந்தது. என் முகத்தைப் பார்ப்பார், என் கையில் இருக்கும் டம்ளரைத் தேடுவார். நான் ஆத்திரப்பட்ட அளவுக்கு அழவும் செய்தேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அழுத்தம் மட்டும் மருந்துக்கு அடங்கவில்லை. கண்ணுக்குள் ஒரு வடிகால் வழி போடும் ஆபரேஷன் ஒன்றுதான் பாக்கி என்றார் அதே இளம் டாக்டர். அதிலும் சிக்கல். நடுப் பார்வை மிகவும் சுருங்கிப் போயிருந்தால், ஆபரேஷன் செய்த கையோடு அந்த மிச்சமும் அணைந்துவிடலாம். "நடுவுல எவ்வளவு இருக்குன்னு சரியா தெரிஞ்சாத்தான் கத்தி வைக்கலாமா வேண்டாமான்னு என்னால சொல்ல முடியும். அதனால இந்த ஒரு டெஸ்ட்டை மட்டும்..." என்று நிறுத்தினார்.

"புரியுது டாக்டர்" என்றார் இவர். சோதனைக்குப் போன அன்று காரில் என்னிடம், "இன்னிக்கு நிஜமா தெரிஞ்சாத்தான் அழுத்துவேன். ஒரு புள்ளிகூட சும்மா அழுத்த மாட்டேன், நீயே பாரு" என்றார்.

இப்போது இருட்டறையும் கிண்ணமும் கிடையாது. பிள்ளைகள் விளையாட்டுக்கு மாட்டிக்கொள்வார்களே, அது மாதிரி ஒரு பெட்டியைத் தலையில் மாட்டிவிட்டு, ஒரு சாதாரண அறையில் உட்கார வைத்தார்கள். கண் நடுவை விட்டு நகர்கிறதா என்று உள்ளே இருக்கும் கேமரா பார்த்துக்கொள்ளும். சோதனை செய்யும் பெண், "சார், நடுவுல இருக்கற பச்சைப் புள்ளி தெரியுதா?" என்று கேட்டாள். தெரிகிறது என்றார். அதையே பார்க்கச் சொல்லிவிட்டு, பட்டனை அவர் கையில் வைத்தாள். நான் அவள் பக்கத்தில் நின்று அவள் கையில் இருந்த திரையைப் பார்த்தேன். கட்டம் கட்டமாக இருந்தது, வெளிச்சம் வந்தும் அவர் அழுத்தாத இடம் கறுப்பாகுமாம். ஒரு கட்டம் கறுப்பானது. பிறகு பக்கத்துக் கட்டம். இவர் முதுகை நிமிர்த்தி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டை விரல் பட்டன் மேல் அசையாமல் இருந்தது. கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டே வந்தன. நடுவைச் சுற்றி ஒரு கைப்பிடிக் கட்டங்கள்தான் பாக்கி இருந்தன.

"இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"இதோ ஆரம்பிச்சிடுவாங்க. ரெடியா இருங்க" என்றேன்.

தலையாட்டிவிட்டு, பட்டனை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.