அண்ணி தேதி போட்ட அட்டை

இது கட்டின கதை இல்லை. நம்பாதவர்கள் திருத்தணிக்கு வாருங்கள். அந்த மாத்திரை அட்டையைக் கையிலேயே தருகிறேன்.

என் அண்ணி யோகலட்சுமி, அம்மா வாயில் யோகம், போன தை மாதம் காய்ச்சலில் செத்துப்போனாள். அதுவரை அம்மாவின் பிரஷர் மாத்திரை அவள் பொறுப்பு. கிருத்திகை விரதத்தில் அம்மா வெறும் வயிற்றில் மாத்திரை போட மாட்டாள் என்று, காலை மாத்திரையை ராத்திரிக்கு மாற்றியவள் அவள்தான். யாரையும் கேட்கவில்லை. அட்டையில் ஒவ்வொரு மாத்திரைக்கு மேலும் சிவப்புப் பேனாவில் தேதி எழுதுவாள். ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவாள்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். டாக்டரைக் கேட்டு, மாத்திரையைக் காலைக்கே கொண்டுவந்தேன்.

"ராத்திரி போட்டுட்டு எழுந்தா தலை சுத்தும்மா."

"யோகம் குடுத்தா மாத்திரைகூட இனிக்கும். படிச்ச கை கசக்குதுடி."

செத்தும் அவள்தான் மகள். எனக்கு வயிறு எரிந்தது.

ஆகஸ்ட் நாலு, திங்கள். புது அட்டை வாங்கினேன். காலையில் ஒன்று கொடுத்தேன். மீதியைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினேன்.

இரவு மணி 2.10.

டிக்...

அட்டை உடையும் சத்தம்.

"அம்மா, இன்னா பண்ணிகினு கீறே?"

"மாத்திரை போட்டேன். தூங்குடி."

"யார் குடுத்தது?"

"யார் குடுப்பா? அவதான்."

இடுப்பைத் தொட்டேன். சாவி இருந்தது.

அம்மா எழுந்தாள். தலை சுற்றிச் சாய்ந்தாள். ஓடினேன்...

விழவில்லை.

அம்மாவின் வலது முழங்கை மட்டும் உயர்ந்து நின்றது. யாரோ தாங்கியதுபோல.

"நீ வேணாம். இவ புடிச்சிகினு கீறா."

"நான் உன் பொண்ணும்மா!"

கலீர்...

கண்ணாடி வளையல்.

அம்மா வளையல் போடுவதில்லை.

நானும்தான்.

விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பிரஷர் தரைக்கு வந்திருந்தது. "ஒரே நாள்ல ரெண்டு போட்டீங்களா?" என்று நர்ஸ் திட்டினாள். டாக்டர் மாத்திரையையே நிறுத்தச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். அட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. இரண்டு மாத்திரை இல்லை.

நான் வாங்கும்போது அதில் ஒரு எழுத்தும் கிடையாது.

இப்போது சிவப்புப் பேனாவில் தேதிகள். நாலு, ஐந்து, ஆறு. நடுவில் கோடு போட்ட ஏழு. எட்டு. ஒன்பது.

பத்து மாத்திரை அட்டை. கடைசி நாலுக்குத் தேதி இல்லை.

இன்று ஒன்பது. இரவு மணி 1.40. அம்மாவின் இடது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வலது கையை அவள் அந்தப் பக்கம் நீட்டிவைத்திருக்கிறாள்...