ஒற்றை வியாதிக்காரர்களுக்கு மட்டும்

நாற்பதைத் தாண்டிய கையோடு எனக்குச் சர்க்கரை வந்தது, அதன் பின்னாலேயே பிரஷர், கடைசியாக மூச்சிழுப்பு. பொன்னேரியில் வியாதிக்கொரு டாக்டர், டாக்டருக்கொரு பொட்டலம். பயத்துக்கு மட்டும் மருந்தில்லை. பொண்டாட்டி தும்மினாலே எனக்கு மாரடைக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பழவேற்காடு பள்ளிக்கூடத்தில் சர்க்கரை ஆராய்ச்சி என்று முகாம் போட்டார்கள். சேர்த்துக்கொண்டால் மாதாமாதம் டாக்டரம்மா வந்து பார்ப்பார், மாத்திரை இலவசம். வரிசையில் நான்தான் முதல் ஆள். என் மூத்திரத்தை நீல மருந்தில் கொதிக்கவைத்தார்கள், செங்கல் நிறமானது. பாஸ் என்று சிரித்தேன். அப்புறம் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தார்கள். பிரஷரும் இருந்தால் சேர்க்கக் கூடாதாம். பணம் கொடுத்த பெரிய மனுஷர்கள் சர்க்கரைக்கு மட்டுமே கொடுத்தார்களாம், கலந்தால் கணக்குக் குழம்பிவிடுமாம். பின்னால் வந்த பிரஷர் ஆராய்ச்சிக்காரர்கள் சர்க்கரையைக் காட்டித் தள்ளினார்கள். பக்கத்துத் தெரு பாய், சுத்தமான ஒற்றைச் சர்க்கரை, பொட்டலத்தோடு மாப்பிள்ளை மாதிரி நடந்துபோனார்.

நான் செத்தால் என் வலை யாருக்கு என்று வீட்டில் பேச்செடுத்தேன். பொண்டாட்டி இறால் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னை டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள்.

"ஏம்மா, எங்க ஏரியில வலை போடுற எடத்துக்கு பாடுனு பேரு. சீட்டு போட்டு, இன்னிக்கு இவன், நாளிக்கு அவன்னு மொறையா போவோம். இந்தாளு ஒடம்புல மூணு வியாதியும் ஒரே நாள்ல ஒரே எடத்துல வலை போடுது. நீ ஒண்ண மட்டும் பாத்துக்கினு இருந்தா மத்தது ரெண்டும் இன்னா, கரையில குந்திக்கினு இருக்குமா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மேலே எழுதிக் கேட்டார். கலப்படத்துக்குப் பணமில்லை என்று பதில் வந்தது. கலப்படம் என்பது என் சொல், அவர்கள் மரியாதையாகத்தான் மறுத்தார்கள்.

விஷயம் ஊர்க்கூட்டத்துக்குப் போனது. ஊரில் என்னைப்போல நிறையப் பேர் என்று அங்கேதான் தெரிந்தது, ஆளாளுக்குப் பொட்டலங்களைத் தூக்கிக் காட்டினார்கள். கடைசியில் ஊர்ப் பெரியவர், "கோயிலுக்கு ஒரு நாள் பாடு வுடறோம்ல, இவனுங்க ஒடம்புக்கும் ஒரு நாள் வுட்டுத் தொல" என்றார். அந்த நாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்து மூச்சிழுத்துக்கொண்டிருந்தேன். வலை வெறுமையாக வந்தால் நான் காலி. நல்ல வேளை, இறால் வந்தது.

அந்த இறால் விற்ற பணத்தில் டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்காகத் தனியாக வந்தார். என் பொட்டலங்கள் எல்லாவற்றையும் ஒரே மேஜையில் கொட்டிப் பார்த்த முதல் ஆள் அவர்தான். பிரஷருக்கு நான் விழுங்கிய மாத்திரையே இழுப்பைக் கிளப்புகிறது என்று கண்டுபிடித்து, வேறு மாத்திரை கொடுத்தார். இழுப்பு நின்றது.

ஊரே சந்தோஷப்பட்டது. எனக்கோ புதுப் பயம். மூன்றில் ஒன்று குறைந்துவிட்டதே, இந்த வைத்தியத்திலிருந்தும் எடுத்துவிடுவார்களோ என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா எதிரில் விடாமல் இருமினேன்.

"ரெண்டு இருந்தா போதும், உட்காருங்க" என்றார்.