ஆட்டுக் கழுத்து மாத்திரை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் ராயபுரம் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் எடை போடும் குமாஸ்தாவாக இருந்தேன். என் மனைவிக்கு அப்போது முப்பத்தைந்து வயது. உடம்பு மிகவும் பெருத்திருந்தது. தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடிக்காமல் எழ முடியாது. முழங்கால் வலிக்காகத்தான் பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனோம். அவர் ஒரு மாத்திரையைக் கொடுத்து, சேர்ந்திருக்கும் கொழுப்பை இது கரைக்கும் என்றார்.

"இது எதுல செஞ்சது டாக்டரம்மா?" என்று கேட்டாள் இவள்.

"ஆட்டோட கழுத்துல ஒரு சுரப்பி இருக்கும்மா. அதைக் காயவச்சுப் பொடிச்சது."

"கழுத்துக் கறியா! தெரிஞ்சிருந்தா கொழம்பே வச்சிருப்பேனே."

டாக்டரும் சிரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில், ஷெட்டில் தோல் கட்டுகளை நிறுக்கும் பெரிய எடை மேடையில் அவள் கூச்சமில்லாமல் ஏறி நிற்பாள். வாராவாரம் எடை இறங்கியது. ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்துக்கொண்டாள். தெருவே மெச்சியது. ஆனால் மார்கழியிலும் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. பழைய சோறு சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் மறுபடி பசித்தது.

"துன்னத் துன்னப் பசிக்குதுய்யா. ஆனா எளச்சிகினே போறேன். இது இன்னாய்யா இது?" என்றாள்.

எடை குறைகிற சந்தோஷத்தில் நான் அதைக் காதில் வாங்கவில்லை. கவனித்தவள் அவள்தான். ஒருநாள் ஊசியில் நூல் கோக்க முடியாதபடி கை நடுங்கியது. அன்றைக்கே டாக்டரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

"டாக்டரம்மா, வயிறு அப்டியேதான் கீது. கையும் தொடையும்தான் வத்திப்போச்சு. கொடம் தூக்கத் தெம்பில்ல. நெஞ்சு படபடன்னு அட்ச்சிகினே கீது. கொழுப்பு மட்டுமில்ல, வேற இன்னாமோவும் கரையுது."

டாக்டர் நெடுநேரம் நாடியை எண்ணினார்.

"நீ சொல்றது சரிதாம்மா. கொழுப்போட தசையும் சேர்ந்து கரையுது. உடம்பு வேகமா எரிக்குது, அதான் இன்னும் சோறு கேக்குது."

அவ்வளவு படித்தவர் தயங்காமல் அதை ஒப்புக்கொண்டார். அளவைக் குறைத்து, பிறகு மாத்திரையை நிறுத்தியே விட்டார்.

மாத்திரை நின்ற பிறகும் அந்தப் பசி சில வாரம் அவளைப் பாடாய்ப் படுத்தியது. சோற்றைப் பாதியாக்கி, கீரையும் மீனும் கூட்டிக்கொண்டாள். பசி பிடுங்கும்போது எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவாள். இறங்கிய எடையில் பாதி திரும்பி வந்தது. மேடையில் முள்ளைப் பார்த்தபோது அவள் முகம் சுருங்கவே இல்லை.

"வந்தா வரட்டும். தெம்பும் வந்துச்சில்ல?" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் கோயிலுக்கு நடந்தே போனோம். நடுவழியில் உட்காரலாமா என்று கேட்டது நான்தான்.